பேப்பர் வாசிச்ச பெண்கள்: அமெரிக்காவுல லேடீஸ் ஸ்டடி கிளப் வந்த கதை

லேடீஸ் கிளப்புன்னு சொன்னாலே நம்மள்ல பல பேருக்கு நெனப்புல வர்றது பட்டுப்புடவை, டீ, தம்போலா, கொஞ்சம் ஊர்வம்பு. அமெரிக்காவுலயும் இந்த நெனப்பு ரொம்ப நாளா இருந்துச்சு. 1930, 40கள்ல நியூயார்க்கர் பத்திரிகையில ஹெலன் ஹோகின்சன்னு ஒரு ஓவியர், தொப்பி வச்ச குண்டு அம்மாக்களா கிளப் பெண்களை வரைஞ்சு வரைஞ்சு அந்த உருவமே ஜனங்க மனசுல பதிஞ்சு போச்சு. ஆனா அந்த அம்மாக்களோட பாட்டிங்க காலத்துல, அதாவது 1860கள்ல இருந்து 1900 வரைக்கும், இந்த கிளப்புங்க என்ன பண்ணுச்சுன்னு பாத்தா அது வேற விஷயம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒருத்தர் வீட்டு ஹால்ல இருபது இருபத்தஞ்சு பெண்கள் கூடுவாங்க, அதுல ஒருத்தி தானே படிச்சு தானே எழுதின பேப்பரை, அதாவது கட்டுரையை, எழுந்து நின்னு வாசிக்கணும், மத்தவங்க அதைப் பத்தி பேசணும். இந்தச் சின்ன பழக்கத்துல இருந்துதான் ஊர் லைப்ரரி, சிறுவர் கோர்ட், கலப்படத் தடை சட்டம் வரைக்கும் போற ஒரு பாதை கிளம்புச்சுன்னு நான் நம்பறேன். அவங்க எதைப் படிச்சாங்கங்கறதை விட எப்படிப் படிச்சாங்கங்கறதுதான் பெரிய விஷயம், அதைத்தான் இங்க சொல்லப் போறேன்.

முதல்ல அந்தக் காலத்து நெலமையைப் பாத்துடுவோம். ஒஹாயோவுல இருக்கற ஓபர்லின் காலேஜ் 1837ல பெண்களைச் சேத்துக்குச்சு, ஆனா அது ரொம்ப அபூர்வம். வாஸர் காலேஜ் திறந்தது 1865ல, ஸ்மித், வெல்ஸ்லி ரெண்டும் 1875ல. அப்போ 1830ல பொறந்த ஒரு நடுத்தர வீட்டுப் பொண்ணுக்கு என்ன கிடைச்சிருக்கும்? கொஞ்சம் பள்ளிக்கூடம், கொஞ்சம் பிரெஞ்சு, பியானோ, அப்புறம் கல்யாணம். அவளுக்கு நாப்பது வயசாகி பசங்க வளந்து நிக்கும்போது மூளை மட்டும் பசியோட உக்காந்திருக்கும். அதுக்கும் மேல ஒரு தடை இருந்துச்சு, வாய் திறக்கறது. சபையில பெண்கள் பேசக்கூடாதுன்னு பைபிள்ல பவுல் எழுதின வசனத்தை வச்சுக்கிட்டு, பொது இடத்துல ஒரு பெண் எழுந்து நின்னு பேசறதே அசிங்கம்னு நெனச்ச சமூகம் அது. இதுக்கு ரொம்ப முன்னாடியே, 1630கள்ல, பாஸ்டன்ல ஆன் ஹட்சின்சன்னு ஒரு அம்மா தன் வீட்டுல பெண்களைக் கூட்டி வாராவாரம் போதகர் பிரசங்கத்தை அலசிப் பேசினாங்க, கூட்டம் பெருகி ஆம்பளைங்களும் வர ஆரம்பிச்சாங்க, 1637ல அவங்களை விசாரணைக்கு இழுத்து கடைசியில காலனியை விட்டே தொரத்திட்டாங்க. பெண்கள் கூடி பேசறதுக்கு அங்க இருந்த விலை அது.

இந்தக் கதையை எழுதற பல பேர் நியூயார்க்ல சொரோசிஸ்ங்கற கிளப் பிறந்த 1868ல இருந்து ஆரம்பிப்பாங்க, எனக்கு அது சரின்னு படல. ஏன்னா 1831லயே பிலடெல்பியாவுல கருப்பினப் பெண்கள், அடிமையா இல்லாம சுதந்திரமா வாழ்ந்தவங்க, ஃபீமேல் லிட்டரரி அசோசியேஷன்னு ஒண்ணு ஆரம்பிச்சுட்டாங்க. அவங்க வச்சிருந்த முறையைக் கேளுங்க. ஒவ்வொருத்தரும் தான் எழுதினதை பேர் போடாம ஒரு பெட்டிக்குள்ள போட்டுடணும், அப்புறம் ஒவ்வொண்ணா எடுத்து படிச்சு நல்லது கெட்டது சொல்லுவாங்க. பேர் இல்லாததால யாருக்கும் கூச்சமும் இல்ல, மனஸ்தாபமும் இல்ல. எழுதப் பழகறவங்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் கேள்விப்பட்டதில்ல. அதுல முக்கியமானவங்க டீச்சரா இருந்த சாரா மேப்ஸ் டக்ளஸ். அங்க எழுதினதுல சிலது அடிமைமுறையை எதிர்த்த லிபரேட்டர் பத்திரிகையில அச்சாகவும் செஞ்சுச்சு. அதே 1831ல பாஸ்டன்லயும் கருப்பினப் பெண்கள் ஒரு அறிவு வளர்ச்சிச் சங்கம் வச்சாங்க, அங்கதான் 1832ல மரியா ஸ்டூவர்ட் பேசினாங்க. அதே வருஷம் ஆணும் பெண்ணும் கலந்து உக்காந்திருந்த சபையிலயும் அவங்க மேடை ஏறினாங்க, எதிர்ப்பு தாங்காம 1833ல பாஸ்டனை விட்டே கிளம்ப வேண்டியதாச்சு. அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் குடுக்கறதே பல தெற்கு மாநிலங்கள்ல குத்தமா இருந்த காலத்துல, வடக்குல இந்தப் பெண்கள் கட்டுரை எழுதி ஒருத்தருக்கொருத்தர் திருத்திக்கிட்டு இருந்தாங்க. இதை ஒரு ஓரத்துல எழுதிட்டு போயிடக்கூடாது, இதான் தொடக்கம்.

அடுத்து எழுத்தாளர் மார்கரெட் ஃபுல்லர். 1839 நவம்பர்ல பாஸ்டன்ல எலிசபெத் பீபாடியோட இடத்துல காசு வாங்கிக்கிட்டு பெண்களுக்கு உரையாடல் வகுப்பு ஆரம்பிச்சாங்க, முதல் தலைப்பு கிரேக்கப் புராணம், 1844 வரைக்கும் ஓடுச்சு. அவங்க பிடிச்ச புள்ளி ரொம்ப கூர்மையானது. ஆம்பளைப் பசங்க படிச்சதை எங்கயாவது பயன்படுத்தியே ஆகணும், பிரசங்கம், கோர்ட், வியாபாரம், ஏதோ ஒண்ணு. பெண்கள் படிச்சா அது படிச்சதோட போச்சு, யாரும் திருப்பிக் கேக்கறதில்ல, அதனால அது ஒட்டவும் ஒட்டாது. அதனாலதான் வந்து உக்காந்தவங்க சும்மா கேட்டுட்டு போக விடாம, வாயைத் திறந்து பேசவும் எழுதி எடுத்துட்டு வரவும் வச்சாங்க. 1850ல ஐரோப்பாவுல இருந்து திரும்பி வரும்போது நியூயார்க் கரையை ஒட்டி கப்பல் உடைஞ்சு நாப்பது வயசுலயே போயிட்டாங்க. ஆனா அவங்க சொன்ன அந்த விஷயம், படிச்சதை நாலு பேருக்கு முன்னாடி சொல்லிப் பாத்தாதான் அது உன்னோடதுங்கறது, பின்னாடி வந்த கிளப்புங்களோட உயிரே அதுதான்.

நடுவுல சின்னச் சின்ன ஊர்கள்லயும் இது தானா மொளைச்சுச்சு. மிச்சிகன்ல கலமசூங்கற ஊர்ல 1852ல பெண்கள் சேந்து லேடீஸ் லைப்ரரி அசோசியேஷன் ஆரம்பிச்சாங்க. இல்லினாய்ஸ் மாநிலத்துல குவின்ஸிங்கற ஊர்ல 1866ல ஃப்ரெண்ட்ஸ் இன் கவுன்சில்னு ஒரு வட்டம், அவங்க எடுத்துப் படிச்சது கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ. மிசிசிப்பி ஆத்தங்கரை ஊர்ல வீட்டு வேலை முடிச்சுட்டு வந்து பிளேட்டோ படிச்சிருக்காங்க! நடுவுல 1861ல இருந்து 1865 வரைக்கும் உள்நாட்டுப் போர் வந்ததையும் கணக்குல எடுத்துக்கணும். காயம்பட்டவங்களுக்கு துணி, மருந்து, பணம் சேக்கறதுக்காக பெண்கள் ஆயிரக்கணக்குல சங்கம் வச்சு, கணக்கு எழுதி, சாமான் அனுப்பி, கூட்டம் நடத்திப் பழகிட்டாங்க. போர் முடிஞ்சதும் திரும்பி சமையல்கட்டுக்குள்ள போங்கன்னா அவங்களுக்கு எப்படி மனசு வரும்?

1868ல நடந்த அந்த பிரபல சம்பவம் இந்தப் பின்னணியிலதான் வருது. இங்கிலாந்து எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் அமெரிக்கா டூர் வந்திருந்தார், ஏப்ரல்ல நியூயார்க் பிரஸ் கிளப் அவருக்கு டெல்மோனிகோஸ் ஹோட்டல்ல விருந்து வச்சுச்சு. ஜேன் கன்னிங்ஹாம் க்ரோலி அப்போ பேர் போன பத்திரிகைக்காரி, ஜென்னி ஜூன்ங்கற புனைபேர்ல எழுதிட்டு இருந்தாங்க, அவங்க டிக்கெட் கேட்டா பெண்ணுங்கறதால இல்லைன்னுட்டாங்க. கடைசி நேரத்துல, திரைக்குப் பின்னாடி உக்காந்துக்கறதா இருந்தா வரலாம்கற மாதிரி ஒரு பதில் வந்துச்சு, க்ரோலி வேண்டாம்னுட்டாங்க. அந்த ஆத்திரத்துல பிறந்ததுதான் சொரோசிஸ் கிளப், முதல் பிரசிடென்ட் கவிஞர் ஆலிஸ் கேரி. அவங்க கூடின இடமும் அதே டெல்மோனிகோஸ், ஆம்பளைத் துணை இல்லாம பெண்கள் ஹோட்டல்ல போய் சாப்பிடறதே அப்போ பெரிய விஷயம்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் இன்னும் நல்லா இருக்கும். பிரஸ் கிளப் ஆளுங்க சமாதானம் பண்ற மாதிரி சொரோசிஸ் பெண்களை காலைச் சாப்பாட்டுக்கு கூப்பிட்டாங்க, அங்க ஆம்பளைங்களே பேசினாங்க, ஆம்பளைங்களே பாடினாங்க, பெண்களுக்கு சாப்பிட்டுட்டு கேக்கற வேலை மட்டும். பதிலுக்கு சொரோசிஸ் ஒரு டீ பார்ட்டி வச்சு அவங்களைக் கூப்பிட்டுச்சு, அதுல பேசினது பூரா பெண்கள், ஆம்பளைங்களுக்கு ஒரு வார்த்தை பேச வாய்ப்பு குடுக்கல. மூணாவதா ஒரு டின்னர், ரெண்டு பக்கமும் அவங்கவங்க காசுல சாப்பிட்டு, ரெண்டு பக்கமும் பேசினாங்க. சண்டை போடாம, சத்தம் போடாம, செஞ்சு காட்டியே பாடம் நடத்தினாங்க பாருங்க, எனக்கு க்ரோலியை ரொம்பப் பிடிச்சுப் போனது இந்த இடத்துலதான்.

அதே 1868ல பாஸ்டன்ல நியூ இங்கிலாந்து விமன்ஸ் கிளப் தொடங்குச்சு, கரோலின் செவரன்ஸ் முதல் பிரசிடென்ட், 1871ல இருந்து கிட்டத்தட்ட நாப்பது வருஷம் ஜூலியா வார்ட் ஹோவ் தலைமை. இந்த ரெண்டையும் பாத்து அடுத்த இருபது வருஷத்துல நாடு முழுக்க ஊருக்கு ஊர் கிளப் முளைச்சுடுச்சு, ரயில் பாதை போன இடமெல்லாம் இதுவும் போச்சுன்னே சொல்லலாம்.

சரி, உள்ள என்னதான் நடந்துச்சு? கூட்டம் பெரும்பாலும் மத்தியானம்தான், புருஷன் வேலைக்கு போயிருப்பார், பசங்க ஸ்கூல்ல இருப்பாங்க. எத்தனை பேர் சேரலாங்கறதை ஹால்ல எத்தனை நாற்காலி போடலாங்கறது முடிவு பண்ணும். வருஷத்துக்கு ஒரு விஷயம் எடுத்துப்பாங்க, ஷேக்ஸ்பியர், நரகத்தைப் பத்தி பெரிய காவியம் எழுதின இத்தாலியக் கவிஞர் தாந்தே, இத்தாலி ஓவியம், இங்கிலாந்து சரித்திரம், ரஷ்யா, இப்படி. அந்த வருஷத்துக்கான திட்டத்தை முன்கூட்டியே சின்ன புக்கா அச்சடிச்சுடுவாங்க, எந்த தேதியில யார் வீட்டுல, யார் எந்தத் தலைப்புல பேப்பர்னு எல்லாம் அதுல இருக்கும், அதனால யாரும் கடைசி நேரத்துல தப்பிக்க முடியாது. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது ஆஜர்னு சொல்றதுக்கு பதிலா அன்னைக்குப் படிக்கற எழுத்தாளரோட ஒரு வரியை மனப்பாடமா சொல்லணும். எனக்கு இது ரொம்ப அழகான ஏற்பாடா தெரியுது, கூட்டத்துக்கு வந்த அத்தனை பேரோட குரலும் ஒரு தடவையாவது கேட்டுடும், வாயே திறக்காதவங்கன்னு அந்த அறையில யாரும் மிச்சம் இருக்க மாட்டாங்க. பல கிளப்புல விமர்சகர்னு ஒரு பொறுப்பே இருந்துச்சு, உச்சரிப்பு, இலக்கணப் பிழையெல்லாம் குறிச்சு வச்சு கடைசியில சொல்றது அவங்க வேலை. சாப்பாட்டுல போட்டி வந்துடக்கூடாதுன்னு, எத்தனை பலகாரம் வைக்கலாம்னு விதியிலயே எழுதி வச்ச கிளப்பும் உண்டு, அதுக்குக் காரணம் வசதி கம்மியான வீட்டுக்காரங்களும் கூச்சப்படாம கூட்டத்தை நடத்தணுங்கறதுதான். மதம், அரசியல் ரெண்டும் பேசக்கூடாதுன்னு பல இடத்துல தடை, ஓட்டுரிமை பத்தி பேசினா ஊர்ல கெட்ட பேர் வரும்னு பயம்.

அப்புறம் அந்த மினிட்ஸ், தீர்மானம், வழிமொழியறது, ஓட்டெடுப்பு. ஹென்றி ராபர்ட்ங்கற ராணுவ என்ஜினியர் 1876ல கூட்டம் நடத்தற விதிமுறைகளை புத்தகமா போட்டார், கிளப் பெண்கள் அதை விழுந்து விழுந்து படிச்சாங்க, 1891ல ஹேரியட் ஷாட்டக் பெண்களுக்குன்னே தனியா ஒரு கையேடு எழுதற அளவுக்கு தேவை இருந்துச்சு. ஓட்டுப் போடவே உரிமை இல்லாத ஒரு நாட்டுல, தன் கிளப்புக்குள்ள வருஷாவருஷம் தேர்தல் நடத்தி, பிரசிடென்ட், செக்ரட்டரி, பொருளாளர் தேர்ந்தெடுத்து, கணக்குல ஒரு டாலர் இடிச்சாலும் எழுந்து கேள்வி கேட்டு பழகியிருக்காங்க. 1920ல நாடு முழுக்க ஓட்டுரிமை வந்தப்போ அதுக்குள்ள ரெண்டு தலைமுறை பெண்கள் இந்தப் பயிற்சியை முடிச்சிருந்தாங்க.

ஊர்ல கிளப்பே இல்லாதவங்களுக்கும் வழி இருந்துச்சு. பாஸ்டன்ல ஆனா டிக்னர்ங்கற அம்மா 1873ல வீட்டுலயே படிக்கறதுக்கு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, எல்லாம் தபால்லதான். படிக்கறவங்களுக்கு ஒரு ஆலோசகர், மாசாமாசம் கடிதம், புத்தகம் வேணும்னா லைப்ரரியில இருந்து பார்சல்ல வரும், படிச்சுட்டு குறிப்பு எழுதி அனுப்பணும். 1897 வரைக்கும் இருபத்திநாலு வருஷம் நடந்துச்சு, மொத்தம் 7,000 பெண்களுக்கு மேல இதுல படிச்சாங்க. இன்னைக்கு நாம சொல்ற தொலைதூரக் கல்விக்கு அமெரிக்காவுல முன்னோடி இதுதான்னு தாராளமா சொல்லலாம். 1878ல சடாக்குவாங்கற ஏரிக்கரை முகாம்ல இருந்து நாலு வருஷ வாசிப்புத் திட்டம் ஒண்ணு கிளம்புச்சு, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானதுதான், ஆனா அதுல நிறைய சேந்தது பெண்கள். அதே மாதிரி 1884ல கிரேஸ் டாட்ஜ் நியூயார்க்ல ஃபேக்டரியில வேலை பாக்கற பொண்ணுங்களுக்கு ராத்திரி நேரத்துல கூடற கிளப் வச்சாங்க. 1893ல சிகாகோவுல ஹன்னா சாலமன் தொடங்கின யூதப் பெண்கள் கவுன்சிலும் படிப்பு வட்டங்களை முக்கியமா வச்சு வளந்துச்சு.

எதிர்ப்பு எப்படி இருந்துச்சுன்னா, டாக்டர் எட்வர்ட் கிளார்க்னு ஹார்வர்ட் மெடிக்கல் ஸ்கூல் புரொஃபசரா இருந்தவர் 1873ல ஒரு புத்தகம் போட்டார், பொண்ணுங்க அதிகமா படிச்சா மூளைக்கு ரத்தம் போயிடும், கர்ப்பப்பை கெட்டுடும்னு. படிச்ச மனுஷன், டாக்டர், அவர் சொன்னா ஜனங்க நம்பத்தானே செய்வாங்க. அடுத்த வருஷமே ஜூலியா வார்ட் ஹோவ் பல பேர் கட்டுரைகளைத் தொகுத்து பதில் புத்தகம் கொண்டு வந்தாங்க. 1905லயும் இது ஓயல, ரெண்டு தடவை ஜனாதிபதியா இருந்த க்ரோவர் க்ளீவ்லாண்ட் லேடீஸ் ஹோம் ஜர்னல்ல எழுதினார், பெண்ணுக்கு நல்ல, பத்திரமான கிளப் அவ வீடுதான்னு. இன்னொரு பக்கம் கேலி. ஒரு வருஷத்துல எகிப்துல இருந்து இங்கிலாந்து வரைக்கும் முடிச்சுடறாங்க, என்சைக்ளோபீடியாவை பாத்து காப்பி அடிக்கறாங்கன்னு பத்திரிகைகள்ல எழுதினாங்க. அதுல கொஞ்சம் உண்மை இருக்கு, பல பேப்பர் மேலோட்டமாத்தான் இருந்திருக்கும். ஆனா ஊர்ல லைப்ரரியே இல்ல, அவங்க கையில இருந்த ஒரே பெரிய புத்தகம் என்சைக்ளோபீடியாதான், அதை வச்சு எழுதாம வேற எதை வச்சு எழுதுவாங்க?

இந்தக் குறையில இருந்துதான் அடுத்த கட்டமே வந்துச்சு. பேப்பர் எழுத புத்தகம் வேணும், புத்தகம் இல்ல, அப்போ எல்லாரும் காசு போட்டு வாங்குவோம்னு வாங்கி ஒரு அலமாரியில வச்சாங்க, அலமாரி ஒரு ரூமாச்சு, ஊர்க்காரங்களும் படிக்கட்டுமேன்னு திறந்து விட்டாங்க, அப்புறம் நகரசபைகிட்ட போய் இதை நீங்க ஏத்து நடத்துங்கன்னு நின்னாங்க. அமெரிக்கப் பொது நூலகங்கள்ல நாலுல மூணு பங்கு பெண்கள் கிளப்புகளால தொடங்கினதுன்னு பரவலா சொல்லப்படுது. இரும்பு ஆலைக் கோடீஸ்வரர் கார்னகி பணம் குடுத்து கட்டடம் கட்டின பல ஊர்கள்ல, அந்தப் பணத்துக்கு ஊரை ஒப்புக்க வச்சு, ஏற்கனவே சேத்து வச்ச புத்தகத்தை கொண்டு போய் அடுக்கினது கிளப் பெண்கள்தான். லைப்ரரி கட்ட முடியாத கிராமங்களுக்கு மரப்பெட்டியில புத்தகம் அடுக்கி ரயில்ல அனுப்பற நடமாடும் லைப்ரரியையும் பல மாநிலங்கள்ல அவங்க நடத்தினாங்க.

1889ல சொரோசிஸ் தன்னோட 21வது ஆண்டு விழாவுக்கு நாட்டுல இருக்கற கிளப்புகளையெல்லாம் கூப்பிட்டுச்சு, 61 கிளப்புல இருந்து ஆள் வந்தாங்க, அடுத்த வருஷமே பொதுக் கூட்டமைப்பு உருவாச்சு, முதல் தலைவர் சார்லட் எமர்சன் பிரவுன். அதுக்கப்புறம் போக்கே மாறுச்சு. 1904ல தலைவரா வந்த சாரா பிளாட் டெக்கர், கொலராடோக்காரங்க, தாந்தே செத்து பல நூறு வருஷமாச்சு, அவரோட நரகத்தைப் படிச்சது போதும், நம்ம சொந்த நரகத்தைக் கவனிப்போம்கற அர்த்தத்துல ஒரு பேச்சு பேசினாங்க. பல பேர் இந்த வரியை எடுத்துக்கிட்டு, படிப்பு கிளப் வெட்டி வேலை, டெக்கருக்கு அப்புறம்தான் உருப்படியா ஏதோ பண்ணாங்கன்னு எழுதறாங்க. நான் அதை ஒத்துக்க மாட்டேன். டெக்கர் சொன்னா செய்யறதுக்கு ஆள் தயாரா இருந்தது எதனால? ஒரு விஷயத்தை எடுத்து, தகவல் திரட்டி, எழுதி, நாலு பேர் முன்னாடி பயப்படாம வாசிச்சு, கேள்விக்கு பதில் சொல்லத் தெரிஞ்ச லட்சக்கணக்கான பெண்கள் இருந்ததால. தாந்தே இருந்த இடத்துல பால் வந்துச்சு, குடிதண்ணி வந்துச்சு, முறை அதேதான்.

பால்னு சும்மா சொல்லல. அந்தக் காலத்துல பால் கெடாம இருக்க ஃபார்மலின் கலப்பாங்க, கறியில போராக்ஸ், மிட்டாயில விஷச் சாயம், குழந்தைங்க மருந்துல அபின். விவசாயத் துறையில ஹார்வி வைலிங்கற கெமிஸ்ட் இதையெல்லாம் பரிசோதிச்சு கத்திக்கிட்டு இருந்தார், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கண்டுக்கல. நியூ ஜெர்சியில க்ரான்ஃபோர்டுங்கற சின்ன ஊர்ல ஆலிஸ் லேக்கி அவரைத் தங்களோட ஊர்ச் சங்கத்துல பேசக் கூப்பிட்டாங்க, அதுல ஆரம்பிச்சு கிளப் கிளப்பா விஷயம் பரவி, கடிதம், மனு, கண்காட்சின்னு அழுத்தம் குடுத்து 1906ல கலப்படத் தடை சட்டம் வந்துச்சு, அதுல கிளப் பெண்களோட பங்கு பெரிசுன்னு வைலியே சொல்லியிருக்கார். சிகாகோ விமன்ஸ் கிளப் 1876ல பேப்பர் வாசிக்கத்தான் ஆரம்பிச்சது. அங்கிருந்த லூசி ஃப்ளவர், ஜூலியா லேத்ராப் மாதிரி ஆளுங்க ஜெயிலுக்குள்ள போய் பாத்தா பத்து வயசுப் பசங்க பெரிய கைதிங்களோட அடைஞ்சு கிடக்கறாங்க, அதை விடாம பிடிச்சு 1899ல இல்லினாய்ஸ்ல உலகத்தோட முதல் சிறுவர் கோர்ட் வந்துச்சு. 1912ல மத்திய அரசு குழந்தைகள் நலத்துறை ஆரம்பிச்சப்போ அதுக்குத் தலைவரா போட்டதும் இதே லேத்ராப்பைத்தான். கொலராடோவுல பழங்குடி மக்கள் மலைப்பாறை இடுக்குகள்ல கல்லால கட்டின வீடுகளை சூறையாடாம காப்பாத்த பெண்கள் பல வருஷம் அலைஞ்சதுதான் 1906ல மேசா வெர்டே தேசியப் பூங்காவா ஆச்சு.

இவ்வளவு பெருமையா சொல்லிட்டு அடுத்ததைச் சொல்லாம விட்டா அது பொய். இந்தக் கூட்டமைப்பு வெள்ளைக்காரப் பெண்களோட கூட்டமைப்பு. இந்தப் பெண்களுக்கு மத்தியானம் ஓய்வு கிடைச்சதே வீட்டுல சமைக்க, துவைக்க இன்னொரு பெண் இருந்ததால, அவங்க பெரும்பாலும் ஐரிஷ்காரங்க, இல்ல கருப்பினப் பெண்கள். சிகாகோ கிளப்புல ஃபேனி பேரியர் வில்லியம்ஸ்ங்கற கருப்பினப் பெண்ணைச் சேக்கலாம்னு 1894ல பேர் குடுத்தப்போ ஒரு வருஷத்துக்கு மேல சண்டை நடந்து அப்புறம்தான் சேத்தாங்க. 1900ல மில்வாக்கியில கூட்டமைப்போட மாநாட்டுல நடந்தது இன்னும் மோசம். பாஸ்டன்ல இருந்து ஜோசஃபின் செயின்ட் பியர் ரஃபின் வந்தாங்க, வெள்ளையர் கிளப்புகள் சார்பாவும் தான் ஆரம்பிச்ச கருப்பினப் பெண்கள் கிளப்பான விமன்ஸ் எரா சார்பாவும் அவங்கதான் பிரதிநிதி. வெள்ளை கிளப்புகளோட பிரதிநிதியா உள்ள வாங்க, உங்க சொந்த கிளப் பேர்ல வரக்கூடாதுன்னாங்க. ரஃபின் அப்படி வரமாட்டேன்னுட்டாங்க. 1902ல லாஸ் ஏஞ்சல்ஸ் மாநாட்டுல ஒரு சமரசத் தீர்மானம் போட்டு, நேரா சொல்லாமலே கருப்பின கிளப்புகள் உள்ள வரமுடியாதபடி பண்ணிட்டாங்க. தாந்தேயும் பிளேட்டோவும் படிச்சு மனசு விரியும்னு சொல்றோம், இத்தனை வருஷம் படிச்சும் இந்த இடத்துல விரியலையே. இதை அந்தக் காலம் அப்படின்னு சொல்லித் தாண்டிப் போக என்னால முடியல, ஏன்னா அதே காலத்துல அதே மில்வாக்கி மாநாட்டுல ரஃபினுக்காக எழுந்து பேசின வெள்ளைக்காரப் பெண்களும் இருந்தாங்க.

கருப்பினப் பெண்கள் யாரோட கதவுக்கும் காத்திருக்கல. 1895ல மிசௌரி பத்திரிகையாளர் சங்கத் தலைவர் ஜாக்ஸ் கருப்பினப் பெண்களை ரொம்பக் கேவலமா இழிவுபடுத்தி எழுதின கடிதத்துக்கு பதிலடியா ரஃபின் பாஸ்டன்ல தேசிய மாநாடு கூட்டினாங்க, அடுத்த வருஷம் வாஷிங்டன்ல அவங்களோட தேசியச் சங்கம் உருவாச்சு, முதல் தலைவர் மேரி சர்ச் டெரல். நாம ஏறும்போது மத்தவங்களையும் தூக்கி விடுவோம்கறதுதான் அவங்க கொள்கை வாக்கியம். இவங்க கிளப்புல படிப்பும் சேவையும் ஆரம்பத்துல இருந்தே ஒண்ணாத்தான் இருந்துச்சு, இலக்கியம் படிச்ச அதே அறையில பாலர் பள்ளி நடக்கும், ஊர்ல இருந்து வேலை தேடி வர்ற பொண்ணுங்களுக்கு தங்க இடம் தேடுவாங்க. நியூயார்க்ல விக்டோரியா ஏர்ல் மேத்யூஸ் 1897ல ஆரம்பிச்ச வைட் ரோஸ் மிஷன் அப்படிப்பட்டது. சிகாகோவுல கருப்பினப் பத்திரிகைக்காரி ஐடா பி. வெல்ஸ் பேர்ல 1893லயே கிளப் வந்துடுச்சு. அடிமையா இருந்து தப்பிச்சு அடிமைமுறையை எதிர்த்துப் போராடின ஃப்ரெடரிக் டக்ளஸ் வாழ்ந்த வீடு கடன்ல மூழ்கப் பாத்தப்போ அதை மீட்டுக் காப்பாத்தினதும் இந்தச் சங்கம்தான். டெக்கர் 1904ல கண்டுபிடிச்ச மாதிரி சொன்ன விஷயத்தை இவங்க அதுக்கு முன்னாடியே செஞ்சுக்கிட்டு இருந்தாங்க.

நம்ம நாட்டுக்கும் இதுல ஒரு இழை உண்டு. பெண் கல்விக்காகப் பாடுபட்ட பண்டித ரமாபாய் 1886ல பிலடெல்பியாவுக்கு போனாங்க, அங்க மருத்துவம் படிச்ச ஆனந்திபாய் ஜோஷி டாக்டர் பட்டம் வாங்கறதைப் பாக்க. அங்கயே தங்கி ஊர் ஊரா பேசினாங்க. 1887 டிசம்பர்ல பாஸ்டன்ல ரமாபாய் அசோசியேஷன் உருவாச்சு, பல ஊர்ல ரமாபாய் வட்டங்கள்னு பெண்கள் கூடி பணம் சேத்தாங்க, அந்தப் பணத்துலதான் 1889ல பம்பாயில விதவைப் பெண்களுக்கான சாரதா சதன் பள்ளி திறந்துச்சு. திரும்பி வந்து மராத்தியில அமெரிக்காவைப் பத்தி அவங்க எழுதின புத்தகத்துல பெண்கள் சங்கம் வச்சு ஒண்ணா வேலை செய்யற விதத்தை வியந்து விரிவா சொல்லியிருக்காங்க.

பொதுக் கூட்டமைப்பு ஓட்டுரிமைக்கு ஆதரவு தெரிவிச்சது 1914ல, ரொம்ப லேட், ஆனா அதுக்குள்ள கிட்டத்தட்ட பத்து லட்சம் பேர் அதோட கிளப்புகள்ல இருந்தாங்க, அந்த எண்ணிக்கை சேந்தப்போ அதை யாரும் தள்ளிவிட முடியல. 1920க்கு அப்புறம் மெதுவா கிளப்போட இடம் சுருங்குச்சு. பொண்ணுங்க காலேஜ் போக ஆரம்பிச்சாங்க, வேலைக்கு போக ஆரம்பிச்சாங்க, மத்தியானம் மூணு மணிக்கு வீட்டுல யார் இருக்கா? அரசியல் வேணும்னா பெண் வாக்காளர் சங்கம் இருந்துச்சு, ஸ்கூல் விஷயத்துக்கு பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருந்துச்சு. கிளப்புக்குள்ளயும் ஒரு மாற்றம் நடந்துச்சு, உறுப்பினர் பேப்பர் எழுதறதுக்கு பதிலா காசு குடுத்து வெளியில இருந்து பேச்சாளரைக் கூப்பிட ஆரம்பிச்சாங்க. என்னைக் கேட்டா உண்மையான சரிவு அங்கதான் ஆரம்பிச்சுச்சு, உறுப்பினர் கூட்டத்துல பாதி அப்போதான் பார்வையாளர் கூட்டமா ஆயிடுச்சு. இன்னைக்கு இருக்கற புக் கிளப்புங்க இந்தப் பரம்பரையில வந்ததுதான், ஆனா அதுல எழுதிட்டு வந்து நின்னு வாசிக்கற கட்டாயம் இல்ல, அந்தக் கட்டாயம் போனது பெரிய இழப்புன்னு நான் நெனைக்கிறேன்.

எல்லாம் மூடிப் போகல. கலமசூ லேடீஸ் லைப்ரரி அசோசியேஷன் 1879ல திறந்த தன்னோட சொந்த கட்டடத்துல இன்னும் நடக்குது. சிகாகோவுல 1873ல கேட் நியூவெல் டாகெட் ஆரம்பிச்ச ஃபோர்ட்நைட்லி கிளப்பும் இருக்கு, அவங்களோட பழைய ஆவணங்களை சிகாகோ நியூபெரி லைப்ரரியில பாதுகாத்து வச்சிருக்காங்க, ஆராய்ச்சி பண்றவங்க போய்ப் படிக்கலாம்.